மூக்கில் கொஞ்சம் பாரம்

சைனிக்புரி, செகந்திராபாத்
14 ஜூலை 2024

அன்புள்ள மங்கைக்கு,

இங்கு நான் நலம். கோவையில் நீயும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் நான் "ம்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை, சொல்ல ஏதாவது இருந்தால் உட்கார்ந்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உட்கார்ந்திருக்கிறேன். முதல் தாளைக் கிழித்தாயிற்று. ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில் அளவுக்கருவிகளுக்கு எத்தனையோ சான்றிதழ் எழுதியிருக்கிறேன். அவற்றில் எதையும் 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே நல்ல மழை. லோத்குண்டா பக்கமிருந்து போனாலு திருவிழாவின் மேளச் சத்தம் காலையிலேயே கேட்கிறது. கறிவேப்பிலைச் செடி உன் உயரத்துக்கு வந்துவிட்டது. கிள்ளுவதற்கு ஆளில்லாததால் வளர்கிறது என்று நினைக்கிறேன்.

நம் ரேடியோ விமானத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். இறக்கை மேசையை விட நீளம். ஒரு முனை நாற்காலிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அடுக்களை மேடையருகே நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுகிறேன். நீ இருந்தால் திட்டுவாய்.

மழைக்காலத்தில் செய்யவேண்டிய வேலைகளை எல்லாம் செய்துவிட்டேன். மூக்கிலுள்ள காற்றாடியைச் சமன் பார்த்தேன். பிறகு முன்னால் காற்றாடித் தண்டையும் பின்னால் வாலையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். இடது இறக்கை இன்னும் தாழ்கிறது. நீ அந்தப் பக்கம் மட்டும் இரண்டு கோட் மஞ்சள் பெயின்ட் அடித்ததன் பலன். வலது இறக்கையின் நுனியில் ஒரு சிறிய ஆணி செருகினேன், சரியாகிவிட்டது. இறக்கையின் அடியில் நான் பென்சிலால் வைத்திருக்கும் இரண்டு புள்ளிகள் உனக்குத் தெரியும். அவற்றில் விரல் நுனிகளைக் கொடுத்துத் தூக்கினால் விமானம் மூக்கைச் சற்றே தாழ்த்தி நிற்க வேண்டும். நிற்கிறது. பேட்டரியை எப்போதும்போல முன்னால் தள்ளி இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

மழை விட்டதும் நாம் பறக்கவிடும் கீசரா மைதானம் காய்ந்துவிடும். அதற்குள் உன் அக்காவின் முட்டி சரியாகிவிடும் அல்லவா? ஒரு முட்டி அறுவை சிகிச்சைக்கு இத்தனை மாதம் சற்று அதிகம் என்று எனக்குப் படுகிறது. எனக்கு மருத்துவம் தெரியாது.

நீ கைக்குப் பயிற்சி செய்யும் ரப்பர் பந்து ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது. மறந்து வைத்துவிட்டாய் போலிருக்கிறது. தபாலில் அனுப்பட்டுமா?

அன்புடன்,
உலகநாதன்


கோவை
22 ஜூலை 2024

திரு. உலகநாதன் அவர்களுக்கு,

வணக்கம்.

வித்யாலட்சுமி அக்காவின் முட்டி மே மாதமே சரியாகிவிட்டது. மொட்டைமாடிக்கு ஏறித் துணி காயப்போடுகிறாள். நேற்று என்னை விட்டுவிட்டு ஓடிப்போய் டவுன் பஸ்ஸைப் பிடித்தாள். நான் இங்கே இருப்பது முட்டிக்காக இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

பந்தை மறந்து வைக்கவில்லை. வைத்துவிட்டு வந்தேன்.

உங்கள் கடிதத்தில் காற்றாடி இருக்கிறது, ஆணி இருக்கிறது, என் மஞ்சள் பெயின்ட்கூட இருக்கிறது. பிப்ரவரி மாதம் மைதானத்தில் நடந்தது மட்டும் இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

அன்று நம் ரேடியோவில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பக்கத்தில் தன் விமானத்தைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த இர்பானிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் அதன் திரையில் எதையெதையோ திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஆன்ட்டி, ஏன் இத்தனை கம்மி? நீங்க குச்சியை முழுசா இழுத்தாலும் வால்ல எலிவேட்டர் தகடு பாதிகூட மடங்காதே. யார் இப்படி செட் பண்ணது?" என்று கேட்டான். நீங்கள் மரத்தடியில் உட்கார்ந்து இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அவன் கேட்டது உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் தொடர்ந்து துடைத்தீர்கள்.

ஒன்பது வருடம். விமானத்தை அமைப்பது நீங்கள், பறக்கவிடுவது நான் என்று பிரித்துக்கொண்டோம். நான் ரேடியோவின் உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அது உங்கள் பக்கம். வட்டமடிக்கச் சொன்னால் அது லாரி யூ டர்ன் எடுப்பதுபோல ஊரைச் சுற்றி வரும். மற்றவர்கள் விமானங்களில் தகடு அவ்வளவு மடங்குகிறதே என்று ஒரு முறை கேட்டேன். "அவை வேறு வகை" என்றீர்கள்.

சரி, வயதாகிவிட்டது, என் கைதான் மந்தம் என்று நினைத்துக்கொண்டேன். கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் கோளாறில்லை என்றார். ஆகவே பந்து வாங்கினேன். தினம் காலையில் நான் அதை அமுக்கிக்கொண்டிருப்பேன், நீங்கள் எதிரில் பேப்பர் படிப்பீர்கள். ஒரு நாள் பேப்பரை இறக்கி, "இடது கைக்கும் செய்" என்று சொன்னீர்கள்.

அந்தப் பந்தைத்தான் அனுப்பட்டுமா என்று கேட்கிறீர்கள்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்புள்ள, அவரு குடிச்சாரா, அடிச்சாரா? எதுக்கு இப்பிடி ஊட்ட உட்டுப்போட்டு வந்து உக்காந்திருக்கறே?" என்கிறாள். "இல்லைக்கா, எலிவேட்டரைக் குறைச்சுட்டார்" என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மங்கையர்க்கரசி


சைனிக்புரி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'திரு' போட்டுப் பார்க்கும்போது மின்சார வாரியத்திலிருந்து வந்த கடிதம்போல இருந்தது.

நீ எழுதியிருப்பதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் காரணம் இல்லாமல் நான் எதையும் செய்வதில்லை என்பதை நீயும் ஒப்புக்கொள்வாய். அதைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

நம்முடைய முதல் விமானத்தை நினைத்துப் பார். புத்தகத்தில் போட்டிருந்த அளவுப்படியே எலிவேட்டரை முழுவதும் திறந்து கொடுத்தேன். மூன்றாம் நாளே நீ வட்டத்தின் உச்சியில் குச்சியை வேகமாக இழுத்தாய். இறக்கை காற்றின் பிடியை விட்டது. விமானம் பக்கவாட்டில் புரண்டு சுழன்று பாறையில் விழுந்தது. காரில் வரும்போது நீ பேசவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்து அழுதாய். அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. நான் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இன்னொரு முறை இப்படி அழ விடக்கூடாது என்று தோன்றியது.

அடுத்த விமானத்தில் பேட்டரியை முன்னால் தள்ளினேன். மூக்கில் கொஞ்சம் பாரம் இருந்தால் விமானம் சாதுவாகப் போகும், திடீரென்று புரளாது. எலிவேட்டரையும் பாதியாகக் குறைத்தேன். ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் கொஞ்சம் திறந்துவிடலாம் என்றுதான் நினைப்பேன். நீ நல்லபடியாகப் பறக்கவிட்டு இறக்குவாய். நன்றாக இருப்பதை எதற்குத் தொடுவது என்று விட்டுவிடுவேன். அதன் பிறகு ஒன்பது வருடத்தில் ஒரு விபத்துகூட இல்லை, மங்கை. அந்த மைதானத்தில் வேறு யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

பந்து விஷயத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எப்படியும் கைக்கு நல்லதுதானே என்று அப்போது நினைத்தேன். எழுதும்போது அது சரியாகத் தோன்றவில்லை. அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய்.

நேற்று எலிவேட்டரை முழுவதும் திறந்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எண் ஏறிக்கொண்டே போனது. பிறகு குச்சியை இழுத்தேன். மேசையில் வால் தகடு அத்தனை தூரம் மடங்கியபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பேட்டரியையும் பின்னால் நகர்த்தியிருக்கிறேன். இப்போது விரலில் தூக்கினால் மூக்கு தாழாமல் மட்டமாக நிற்கிறது.

நீ கேட்டபடி ஆகிவிட்டது. இனி வரலாம் அல்லவா?

அன்புடன்,
உலகநாதன்


கோவை
19 ஆகஸ்ட் 2024

திரு. உலகநாதன் அவர்களுக்கு,

வணக்கம்.

எலிவேட்டரைத் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என் கடிதத்தை மறுபடி படியுங்கள்.

ஒரு விபத்துகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். ஒன்றுகூட இல்லை.

முதல் விமானம் விழுந்த அன்று நான் எதற்காக அழுதேன் என்று நீங்கள் கேட்டதில்லை. வாசற்படி வரை வந்தீர்கள், நின்றீர்கள், போய்விட்டீர்கள். நான் திரும்பிப் படுத்திருந்தாலும் எனக்குத் தெரியும். உங்கள் செருப்பில் ஒன்று மட்டும் சத்தம் போடும்.

விமானம் உடைந்ததற்காக அழவில்லை. அது புரள்வதற்கு முன்னால் ஒரு கணம் இருந்தது. நான் இழுத்ததும் அது போய்க்கொண்டிருந்த வழியை விட்டுவிட்டு, தன்னைத்தானே ஒரு சுண்டு சுண்டிக்கொண்டது. இறக்கை, வால், மூக்கு எல்லாம் ஒரே நேரத்தில். ஈரத் துணியை உதறுவதுபோல. முப்பத்து நான்கு வருடம் பூகோளம் நடத்திவிட்டு வந்தவள் நான், என் கையால் இப்படி ஒன்று நடந்து பார்த்ததில்லை. இதை மறுபடி செய்ய வேண்டும், இன்னும் உயரத்தில் வைத்துச் செய்ய வேண்டும், விழாமல் மீட்க வேண்டும் என்று படுத்துக்கொண்டே நினைத்தேன். கையில் விமானம் இல்லை. அதற்குத்தான் அழுகை. ஐம்பத்தெட்டு வயதில் அப்படி அழ முடிந்ததில் எனக்கே ஆச்சரியம்.

நீங்கள் அடுத்ததைக் கட்டிக் கொடுத்தீர்கள். நான் இழுத்தேன், இழுத்தேன். அது சுண்டவே இல்லை. அன்று நடந்தது தற்செயல், எனக்கு அது கைவரவில்லை என்று முடிவு கட்டினேன். ஒன்பது வருடமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத் தேடித்தான் மைதானத்துக்கு வந்தேன். உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. கிழவிக்கு ஆசையைப் பார் என்று நினைப்பீர்களோ என்று.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒன்று செய்யுங்கள். முழுக்கத் திறந்துவிட்டேன் என்கிறீர்களே, அதை நீங்களே பறக்கவிடுங்கள். இர்பானிடம் கொடுக்கக்கூடாது. உங்களுக்குச் சுற்றி வந்து இறக்கத் தெரியும். மீதியையும் செய்து பாருங்கள். அதுவரை பேட்டரியைப் பற்றியும் பாரத்தைப் பற்றியும் எனக்கு எழுத வேண்டாம்.

ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருக்கும். வாங்கிவிடுங்கள்.

மங்கையர்க்கரசி


சைனிக்புரி
13 அக்டோபர் 2024

அன்புள்ள மங்கைக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலில் மழை. மழை நின்ற பிறகு காற்று. காற்றும் நின்ற பிறகு வேறு காரணம் கிடைக்காமல் சில நாள் சும்மா இருந்தேன். அது பயம் என்று உனக்கு எழுதுவதில் இப்போது வெட்கமில்லை.

இடையில் இர்பான் வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்தான். அதில் திரையிலுள்ள விமானத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் விழவைக்கலாம். விழவைத்தேன். என் கட்டைவிரல்கள் குச்சியில் வழுக்கின. மறுநாள் காலையில் ஃபிரிட்ஜ் மேலிருந்த உன் பந்தை எடுத்து அமுக்க ஆரம்பித்தேன். பேப்பர் எதிர் நாற்காலியில் கிடந்தது. இரண்டாம் நாளே கை வலித்தது. நீ ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

நேற்று தசரா. மைதானத்தில் கூட்டம் இருக்காது என்று போனேன். இர்பான் மட்டும் இருந்தான்.

"என்ன அங்கிள், ஆன்ட்டி இல்லாமயா வந்தீங்க? யார் பறக்கவிடறது?"

"நான்தான்."

"நீங்களா?" என்றான். பிறகு ரேடியோவை வாங்கிப் பார்த்தான். "முழுசா திறந்திருக்கீங்க! நக்கோ, வேணாம் அங்கிள், மொதல்ல கொஞ்சம் குறைச்சு வச்சுப் பழகுங்க. நான் ரெண்டு நிமிஷத்துல குறைச்சுத் தர்றேன்."

என் வாழ்க்கையில் யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கும் ஆள் நான். வேண்டாம் என்று சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "ஹவ் ஹவ், சரி சரி, ஆன்ட்டி உத்தரவா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

மேலே ஏற்றினேன். ஏறும்போதே அது நான் அறிந்த விமானமாக இல்லை. விரலை நினைத்தாலே திரும்பியது. உயரத்துக்குக் கொண்டுபோய், சாய்வாக ஏற்றி, தலைகீழாகப் புரட்டிவிட்டு, குச்சியிலிருந்து கட்டைவிரலைத் தளர்த்தினேன். மூக்கில் பாரமிருந்தால் தலைகீழாக இருக்கும்போது தரையை நோக்கி இறங்கத் தொடங்கும். நீ அதைத் தாங்கிப் பிடிக்கக் குச்சியை முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பாய், பார்த்திருக்கிறேன். நேற்று அது இறங்கவில்லை. போட்ட கோட்டில் அப்படியே ஏறிப் போனது, தலைகீழாகவே. ஒன்பது வருடம் நீ அத்தனை பாரத்தையும் கட்டைவிரலில் சுமந்துகொண்டிருந்தாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாளில் கணக்குப் போட்டு எனக்கு அது முன்பே தெரியும். தெரிந்தது வேறு, பார்த்தது வேறு.

அதன் பிறகு வட்டம். உச்சிக்கு வந்தபோது, கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும் என்று இழுத்தேன். "ஹல்லு ஹல்லு அங்கிள், மெதுவா!" என்று இர்பான் கத்தினான். அதற்குள் இழுத்துவிட்டேன்.

மங்கை, அது சுண்டியது.

நீ எழுதியிருந்த மாதிரியேதான். ஈரத் துணி. நான் எங்கே நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன் என்று இர்பான் பிறகு சொன்னான். எனக்கு நினைவில்லை. விமானம் சுழன்று கீழே வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு குச்சிகளையும் விட்டுவிட்டேன். அதுவாகவே நிமிர்ந்துகொண்டது. அதன் பிறகு இறக்குவது சரியாக வரவில்லை. குதித்து விழுந்தது. சக்கரக்கால் பிய்ந்துவிட்டது, காற்றாடி உடைந்துவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. விமானத்தின் உடம்பைச் சொல்கிறேன்.

இர்பான் ஓடிப்போய் எடுத்து வந்து, "பர்வா நை அங்கிள், இதுக்குத்தானே வர்றோம்" என்றான். அவன் வயதென்ன, நாற்பது இருக்குமா? இதை அவன் சொல்லி நான் கேட்க வேண்டியிருந்தது.

காரில் வரும்போது பக்கத்து இருக்கையில் உடைந்த காற்றாடி இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நீ அன்று காரில் பேசாமல் வந்தாயே, நான் 'என்ன' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தேன். நானும் சாப்பிடவில்லை.

மாத்திரை வாங்கிவிட்டேன்.

அன்புடன்,
உலகநாதன்


கோவை
27 அக்டோபர் 2024

ஏனுங்க,

கடிதம் வந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு விமானம் புரியவில்லை, "ரெண்டு கையையும் உட்டுட்டாரா? அவரா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் உங்களைப் பற்றி எதுவும் குறை சொல்லவில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒளிப்பானேன். ஒன்பது வருடமாக நான் தேடியதை நீங்கள் ஒரே நாளில், தெரியாத்தனமாக இழுத்துப் பார்த்துவிட்டீர்கள். அதையும் எனக்கு முன்னால் நீங்களே. போகட்டும். எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறார் என்றும் பிறகு தோன்றியது.

தீபாவளிக்கு வரவில்லை. டிசம்பரில் மைதானத்தில் எல்லோரும் கூடும் சந்திப்பு இருக்கிறதல்லவா, அதற்கு வருகிறேன். இர்பானுக்குச் சொல்லிப் பெயர் கொடுத்துவிட்டேன். நான் லோத்குண்டாவில் என் சிநேகிதி பானு வீட்டில் தங்குவேன். அவளிடம் பேசியாயிற்று. நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். அவள் வருகிறாள்.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எழுத வந்தேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு வந்தால் இரண்டே நாளில் நான் மேசையின் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம் என்று ஆகிவிடும். முதலில் நான் பறக்கவிட வேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கே இன்னும் தெரியாது. தெரியாமல் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

சக்கரக்காலை ஒட்டுங்கள். புதுக் காற்றாடி போடுங்கள். அதற்கு மேல் எதையும் தொட வேண்டாம். பேட்டரியைக் கட்டாமல் கொண்டுவாருங்கள், எங்கே வைப்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். ரேடியோவில் எண்களை எப்படி மாற்றுவது என்று இங்கே பக்கத்து வீட்டுப் பெண் அக்ஷதாவின் உதவியோடு புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அது ஒன்றும் அப்படிக் கஷ்டமில்லை. நீங்கள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு செய்வதைப் பார்த்து ராக்கெட் விஞ்ஞானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பந்தைத் தூக்கி எறியுங்கள். கை வலிக்கப் போகிறது.

நின்றுகொண்டு சாப்பிடாதீர்கள்.

மங்கை


சைனிக்புரி
10 நவம்பர் 2024

அன்புள்ள மங்கைக்கு,

கவரை மேசையில் வைத்துப் பிரித்தேன். முதல் சொல்லைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மடித்து வைத்துவிட்டேன். பிறகுதான் மீதியைப் படித்தேன்.

பானு வீட்டில் தங்குவது நல்ல ஏற்பாடு. லோத்குண்டாவிலிருந்து காலையில் மைதானத்துக்குக் கிளம்புவதும் சுலபம். இதை எழுதுவதற்குள் மூன்று தாள் போய்விட்டது. வேறு விதமாக எழுதிய தாள்களை நீ பார்க்க வேண்டியதில்லை.

சக்கரக்காலை ஒட்டிவிட்டேன். பசை காய்ந்ததும் ஒரு பக்கம் அரை மயிரிழை சாய்ந்திருப்பது தெரிந்தது. பிய்த்து மறுபடி ஒட்டலாம் என்று கத்தியை எடுத்தேன். தொட வேண்டாம் என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது, கத்தியை வைத்துவிட்டேன். ஓடும்போது சற்றே இடது பக்கம் இழுக்கும். இதைச் சொல்வதும் தொடுவதில் சேருமா என்று தெரியவில்லை. சேர்ந்தால் மன்னித்துவிடு. நீயே கண்டுபிடித்திருப்பாய்.

பேட்டரி தனியாக இருக்கிறது. கட்டும் பட்டையைப் பையின் வெளி அறையில் வைத்திருக்கிறேன். இறக்கையின் அடியில் இருந்த இரண்டு பென்சில் புள்ளிகளையும் அழித்துவிட்டேன். ரப்பரால் லேசாகத் தேய்த்ததும் போய்விட்டன. இத்தனை காலம் அவ்வளவு லேசாகத்தான் இருந்திருக்கின்றன. விரலை எங்கே வைத்தால் நிற்கிறது என்று நீ தூக்கிப் பார்த்துக்கொள்.

பந்தைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பின் தெருவில் சுமலதா வீட்டு நாய்க்குக் கொடுத்தேன். இரண்டு முறை என்னிடமே கொண்டுவந்து வைத்தது. மூன்றாவது முறை கடித்துவிட்டது. சுமலதா கேட்டாள்: "அங்கிள், ஆன்ட்டி எப்ப வர்றாங்க?" டிசம்பரில் ஊருக்கு வருகிறாள் என்று சொன்னேன். "ஊருக்கா?" என்றாள். ஆமாம், ஊருக்கு என்றேன்.

சந்திப்பன்று விமானத்தை முன்கூட்டியே கொண்டுவந்து இர்பானின் கூடாரத்தில் வைத்துவிடுகிறேன். நீ வந்து எடுத்துக்கொள். கிளப்பும்போது காற்று பலமாக இருந்தால் வாலைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருக்கும். கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டால் இர்பான் பிடிப்பான், அவனுக்கும் தெரியும்.

அன்று சாப்பாட்டு மேசை காலியாக இருக்கும். ஒரு தகவலுக்காக எழுதினேன்.

வேறு விசேஷம் இல்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது, பானு வீட்டு மொட்டைமாடியில் காற்று அதிகம், உன் நீல ஸ்வெட்டரை விமானப் பையோடு வைக்கிறேன்.

இன்னொன்று. உயரத்தில் வைத்துச் சுண்டு. கீழே வரும்போது எனக்குத் தெரியாமலேயே என் கை செய்ததை உன் கை தெரிந்தே செய்யும். நீ பறக்கவிடும்போது வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது, யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க முடியாது. எனக்கு அது தெரியும். உன் பின்னால், வேலிக்கு இந்தப் பக்கம், நான் நின்றுகொண்டிருப்பேன்.

அன்புடன்,
உலகநாதன்